நிலக் கணக்குகளின் பழம் பதிப்புகள்: குறியிடும் முறையும் பேணும் முறையும்

நிலம் இருந்த இடத்திலேயே இருக்கிறது. அதைப்பற்றி எழுதப்பட்ட கணக்கோ தலைமுறைக்குத் தலைமுறை மாறி வருகிறது. ஒரே வயலுக்குப் பாட்டனார் காலத்தில் ஒரு சர்வே நம்பரும், தகப்பனார் காலத்தில் மற்றொரு நம்பரும், இப்பொழுது உட்பிரிவுடன் கூடிய வேறொரு நம்பரும் இருப்பது புதுக்கோட்டை ஜில்லாவில் நிலமுள்ள குடும்பங்கள் பலவற்றிற்கு அனுபவமான விஷயம். இவற்றுள் இன்று செல்லத்தக்கது எது, ஒரு காலத்தில் செல்லுபடியாகி இப்பொழுது விலக்கப்பட்டது எது என்பது அந்தக் காகிதத்தின் முகப்பிலேயே தெரியாமற் போவதால் விளையும் வியாஜ்யங்களும் பண நஷ்டமும் கொஞ்சமல்ல.

முன்னாட்களில் இக்கணக்குகள் கிராமக் கர்ணத்தின் பெட்டியிலும் தாலுகாக் கச்சேரியின் ரிக்கார்டு அறையிலும் இருந்தன. இன்று பட்டா, சிட்டா, ‘அ’ பதிவேடு, புலப்படம் முதலியவை கணினியில் ஏற்றப்பட்டு, யாவரும் வீட்டிலிருந்தே பார்க்கும்படி வலைத்தளத்தில் ஜாபிதாவாக அமைந்திருக்கின்றன. இது பெரிய சௌகரியமே. ஆயினும், பழைய பிரதி எது, நடப்புப் பிரதி எது என்ற கேள்வி இதனால் தீர்ந்துவிடவில்லை; முன்னைவிட முக்கியமாகிவிட்டது. பெட்டியிலிருந்த ஏட்டின் பழமையை அதன் நிறமே காட்டிற்று. கணினித் திரையில் நேற்றைய பக்கமும் நாற்பது வருஷத்துப் பக்கமும் ஒரே வெண்மையாகத் தோன்றுகின்றன. ஆகையால், பழம் பதிப்புகளுக்கு எவ்வாறு குறியிடுவது, அவற்றை எவ்வளவு தூரம் கண்ணுக்கு மறைவாக வைப்பது என்பதை மிராசுதாரர்களும் கிராம அதிகாரிகளும் அறிந்திருத்தல் நலம்.

இந்த ஜில்லாவின் கணக்கு அடுக்குகள்

இன்றைய புதுக்கோட்டை ஜில்லா, திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர் ஜில்லாக்களின் பகுதிகளைச் சேர்த்து 1974-ம் வருஷம் ஜனவரி மாதம் 14-ந் தேதி அமைக்கப்பட்டது. ஆலங்குடி, குளத்தூர், திருமயம் என்ற மூன்று பழைய தாலுகாக்களும் 1948-ம் வருஷம் மார்ச்சு மாதம் 3-ந் தேதி வரையில் தொண்டைமான் மன்னர்களின் சமஸ்தானத்தைச் சேர்ந்தவை. அறந்தாங்கிப் பக்கத்துக் கிராமங்களோ சென்னை மாகாணத்தின் தஞ்சாவூர் ஜில்லாவில் இருந்தவை. ஆகவே, ஒரே ஜில்லாவுக்குள்ளேயே பழைய கணக்கு என்றால் ஒரு கிராமத்தில் சமஸ்தானத்துக் கணக்கு, அடுத்த கிராமத்தில் மாகாணத்துக் கணக்கு என்று வேறுபடுகிறது.

சமஸ்தானத்திலும் கணக்கு ஒரே நிலையில் இருக்கவில்லை. விளைச்சலைச் சர்க்காரும் குடியானவரும் பங்கிட்டுக்கொள்ளும் அமானி முறை, அ. சேஷையா சாஸ்திரியார் திவானாக இருந்த காலத்தில் நீக்கப்பட்டு, ரொக்கத் தீர்வை ஏற்பட்டது. 1888-ல் இனாம் நிலங்களுக்குத் தனியே ஏற்பாடு செய்யப்பட்டது. சமஸ்தானம் சேர்ந்த பிறகு, 1963-ம் வருஷத்து இனாம் ஒழிப்புச் சட்டங்களின் மூலம் இனாம் நிலங்கள் ரயத்துவாரி முறைக்கு மாறின. ஒவ்வொரு மாறுதலுக்கும் ஒரு புதிய கணக்கு எழுந்தது. முந்தியது பின்னுக்குச் சென்றது.

எல்லாவற்றிலும் பெரிய மாறுதல், 1979 முதல் 1987 வரையில் மாநிலமெங்கும் நடந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டம். ஜனங்கள் இதை ‘யு.டி.ஆர்.’ என்றே வழங்குகின்றனர். அனுபோகத்தில் உள்ளபடி உட்பிரிவுகள் பதியப்பட்டன. பல கிராமங்களில் புல எண்களே புதிதாக இடப்பட்டன. ஏக்கர், சென்ட் என்ற அளவு ஹெக்டேர், ஏர் என்று மாறிற்று. உதாரணமாக, பழைய ஏட்டில் 3 ஏக்கர் 20 சென்ட் என்றிருந்த நிலம் புதிய ஏட்டில் 1 ஹெக்டேர் 29.5 ஏர் என்று காணும். இத்திட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே, 1980-ம் வருஷம் நவம்பர் மாதம் 14-ந் தேதி பரம்பரைக் கர்ணம், மணியம் உத்தியோகங்கள் ஒழிக்கப்பட்டு, பின்னர் கிராம நிர்வாக அலுவலர்கள் நியமனமாயினர். பழைய நம்பரைக் கேட்டவுடன் வயலைக் காட்டக்கூடிய கர்ணத்தின் ஞாபகம், புதிய நம்பர் வந்த தருணத்திலேயே கச்சேரியை விட்டு விலகிற்று. அந்த ஞாபகம் செய்த வேலையை இனி எழுத்தே செய்யவேண்டும்.

குறியில்லாத பழங்கணக்கால் வரும் கேடு

ஒரு கிராமத்தில் 1965-ல் எழுதிய கிரயப் பத்திரத்தில் சர்வே நம்பர் 112 என்று கண்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். யு.டி.ஆருக்குப் பின் அந்த வயல் 48-ம் நம்பரின் ஓர் உட்பிரிவாக ஆகியிருக்கிறது. ஆனால் 112 என்ற நம்பர் மறைந்துவிடவில்லை. அது ஊரின் மறுகோடியிலுள்ள மற்றொருவரின் நிலத்திற்கு இடப்பட்டிருக்கிறது. பத்திரத்தை மட்டும் நம்பி வலைத்தளத்தில் 112 என்று தேடுபவருக்குப் பட்டாவும் கிடைக்கும், புலப்படமும் கிடைக்கும். ஆனால் அவை வேறொருவருடைய நிலத்தைப் பற்றியவை. நம்பர் இல்லையென்று பதில் வந்தாலாவது மனிதன் விசாரிப்பான். தவறான நிலம் சரியான நம்பருடன் வந்து நிற்கும்போது விசாரிக்கத் தோன்றுவதில்லை. வில்லங்கச் சான்றிலும் இவ்வாறே. புதிய நம்பரை மட்டும் கொடுத்துத் தேடினால், பழைய நம்பரில் பதிவான அடமானம் கண்ணுக்குப் படாமற் போகலாம்.

பழங்கணக்கை அறவே மறைப்பதால் வரும் கேடு

இவ்வளவு தொல்லை எதற்கு, பழையதை முழுவதும் அகற்றிவிட்டுப் புதியதை மட்டும் காட்டினால் போதாதா என்று சிலர் கேட்கலாம். போதாது. புதிய கணக்கிலும் பிழை நேர்வதுண்டு. யு.டி.ஆர். காலத்தில் பெயர் மாறிப் பதிந்ததும், விஸ்தீரணம் கூடிக் குறைந்ததும், கூட்டுப் பட்டாவில் ஒரு பங்காளியின் பெயர் விடுபட்டதும் பற்றிய மனுக்கள் இன்றைக்கும் வருவாய்த் துறைக்கு வந்துகொண்டிருக்கின்றன. இத்தகைய பிழை புதிய ஏட்டை எத்தனை முறை படித்தாலும் வெளிப்படாது. அதற்கு முந்திய ஏட்டை அருகில் வைத்து ஒப்பிடும்போதுதான் வெளிப்படும். பழைய ஏடு எட்டாமற் போனால் புதிய ஏட்டின் பிழையே உண்மையாகிவிடும். விடுபட்ட பங்காளிக்கு வாதிக்க ஆதாரம் இராது.

கண்மாய்களும் ஏரிகளும் நிறைந்த இச்சீமையில் இன்னொரு காரணமும் உண்டு. நீர்நிலைப் புறம்போக்கின் பழைய எல்லை, வரத்து வாய்க்காலின் பழைய அகலம் முதலியவற்றை அறிவிக்கும் சாட்சி பெரும்பாலும் பழைய ‘அ’ பதிவேடும் பழைய படமுமே. ஏரிகளைப் பாதுகாக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் 2007-ல் மாநிலத்தில் தனிச் சட்டம் ஏற்பட்டது. ஆயினும், எது ஏரியாக இருந்தது என்று காட்டும் கணக்கு கைவசம் இல்லாவிடில் சட்டம் இருந்தும் பயன் குறைவே.

பழையது மூன்று வகை

இவ்விரு கேடுகளையும் தவிர்ப்பதற்கு, பழையவை எல்லாம் ஒரே தன்மையானவை அல்ல என்பதை முதலில் உணரவேண்டும். ‘பழையது’ என்ற ஒரே முத்திரையை எல்லாவற்றின்மேலும் குத்துவதே குழப்பத்திற்கு மூலகாரணம். பழங்கணக்குகள் மூன்று வகைப்படும்.

முதலாவது, காலங்கடந்தது. சென்ற பசலியின் அடங்கல் இவ்வகை. அது தவறானதன்று, அந்தப் பசலிக்கு அதுவே என்றென்றும் சரியான கணக்கு. 2018-ம் வருஷம் நவம்பர் மாதம் 16-ந் தேதி வீசிய கஜா புயலில் இந்த ஜில்லாவின் தென்னந்தோப்புகள் வேரோடு சாய்ந்தன. ஒரு தோப்பில் அன்று நின்றது என்ன என்று பின்னொரு நாள் கேள்வி எழுந்தால், அதற்கு விடை 1428-ம் பசலியின் அடங்கலிலும் அதற்கு முந்திய பசலியின் அடங்கலிலுமே உண்டு. இவ்வருஷத்து அடங்கலில் இராது. இதைப் போலவே, 2019-ல் நடைமுறைக்கு வந்த பிரதம மந்திரி கிசான் உதவித்தொகைக்கு, அவ்வருஷம் பிப்ரவரி மாதம் 1-ந் தேதியன்று நிலம் யார் பெயரில் இருந்தது என்பதே அளவுகோலாக வைக்கப்பட்டது. அந்தத் தேதியின் நிலையைக் காட்ட முடியாத கணக்கு இந்தக் கேள்விக்கு உதவாது.

இரண்டாவது, மாற்றப்பட்டது. மறுசர்வேயாலோ, உட்பிரிவாலோ, அளவை முறை மாறியதாலோ புதியதற்கு இடங்கொடுத்த கணக்கு இது. இதில் கண்ட நிலம் பொய்யன்று. அதைக் குறிக்கும் பெயரும் எண்ணுமே மாறின. இதற்குத் தேவையானது, பழைய எண்ணிலிருந்து புதிய எண்ணுக்குச் செல்லும் வழிகாட்டி.

மூன்றாவது, பிழையென ரத்தானது. தவறான பதிவு என்று விசாரணையில் கண்டு, உத்தரவின் பேரில் நீக்கப்பட்டது இது. இதை எக்காரியத்துக்கும் உபயோகிக்கலாகாது. எனினும், எப்பொழுது, யாருடைய உத்தரவால், எந்தக் காரணத்துக்காக ரத்தாயிற்று என்ற குறிப்புடன் அது இருந்தே தீரவேண்டும். இல்லாவிட்டால், ரத்தான பட்டாவின் பழைய நகலைக் கையில் வைத்திருப்பவர் அதைக் காட்டி மற்றொருவரை ஏமாற்ற இடமுண்டாகும்.

முன்னோர் கையாண்ட வழி

இது நமக்குப் புதிய ஞானமன்று. திருமழபாடிக் கோயிலின் விமானத்தை இடித்துக் கட்ட முதலாம் இராஜராஜ சோழன் காலத்தில் உத்தரவாயிற்று. சுவர்களில் நில தானங்களைப் பற்றிய சாசனங்கள் இருந்தன. இடிப்பதற்குமுன் அவற்றையெல்லாம் புத்தகத்தில் படியெடுக்கச் செய்து, பணி முடிந்தபின் முதலாம் இராஜேந்திரன் காலத்தில் புதிய கல்லில் மீண்டும் பொறித்தனர். இவ்வாறு நடந்த வரலாற்றையும் கல்லிலேயே எழுதிவைத்தனர். வேறு சில கோயில்களிலும், திரும்பப் பொறித்த சாசனத்தில் இது பழங்கல்லின் படி என்ற குறிப்பைச் சேர்த்திருக்கின்றனர். கல் புதிது, வாசகம் பழையது என்பதைப் படிப்பவர் உடனே தெரிந்துகொள்ளவேண்டும் என்பதே அவர்கள் கருத்து.

கணினி ஜாபிதாவில் இருக்கவேண்டியவை

இன்றைய வலைத்தளங்களுக்கும் விதி இதுவே. வலைத்தளங்களுக்குப் பொது விதிகளை வகுக்கும் உலகளாவிய வலைக் கூட்டமைப்பு, 2017-ல் வெளியிட்ட சிபாரிசுகளில், வெளியிடப்படும் ஒவ்வொரு தரவுத் தொகுதியும் தன் பதிப்பைக் குறிக்கும் அடையாளத்தையும், முந்திய பதிப்புகளின் வரலாற்றையும் கொண்டிருக்கவேண்டும் என்று கூறியிருக்கிறது. அதை நம் நிலக் கணக்குகளுக்குப் பொருத்தினால் பின்வரும் அம்சங்கள் ஏற்படும்.

(1) தேடுபவருக்கு முதலில் தோன்றவேண்டியது நடப்புப் பதிப்பு ஒன்றே. நான்கு பதிப்புகளை வரிசையாக வைத்து, சரியானதைத் தேர்ந்துகொள்ளும் பாரத்தைக் குடியானவர்மேல் சுமத்தலாகாது.

(2) முந்திய பதிப்புகள் அதன் பின்னால் மடித்து வைக்கப்பட்டிருக்கவேண்டும். ஆனால் அவை உண்டு என்பதும், எத்தனை என்பதும் முன்பக்கத்திலேயே தெரியவேண்டும். கதவைச் சாத்திவைக்கலாம், கதவே இல்லாதபடி சுவரெழுப்பலாகாது.

(3) பழைய நம்பரைக் கொடுத்துத் தேடினால் ‘இல்லை’ என்ற பதில் வரலாகாது. ‘இது மாற்றப்பட்ட நம்பர், இதற்கு நேரான நடப்பு நம்பர் இது’ என்று வழிகாட்டவேண்டும். ஒரே எண் பழைய ஏட்டில் ஒரு நிலத்தையும் புதிய ஏட்டில் வேறு நிலத்தையும் குறிக்குமானால், அந்த எச்சரிக்கை எல்லாவற்றிற்கும் மேலாக நிற்கவேண்டும்.

(4) குறிப்பு ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும், எழுத்தில், இருக்கவேண்டும். நிறத்தால் மட்டும் வேற்றுமை காட்டுவது போதாது; நகலெடுத்தவுடன் நிறம் போய்விடும். முதற் பக்கத்தில் மட்டும் குறிப்பதும் போதாது. இரண்டாம் பக்கம் தனியே பிரிந்து பிரயாணம் செய்யும்.

(5) கணக்கு எந்தத் தேதியின் நிலையைக் காட்டுகிறது என்பது வேறு, அது கணினியில் ஏற்றப்பட்ட தேதி வேறு. இரண்டையும் தனித்தனியே காட்டவேண்டும். நேற்று ஏற்றப்பட்ட காரணத்தால் பழைய ஏடு புதியதாகிவிடாது.

பயிர்ச் சிபாரிசுகளிலும் இதே விதி

நிலக் கணக்குக்கு மட்டுமன்றி, விவசாயத் துறைப் பிரசுரங்களுக்கும் இது பொருந்தும். எண்டோசல்பான் என்ற பூச்சிமருந்தைச் சிபாரிசு செய்த துண்டுப் பிரசுரங்கள் ஒரு காலத்தில் எங்கும் இருந்தன. 2011-ம் வருஷம் மே மாதத்தில் சுப்ரீம் கோர்ட்டு அதைத் தடை செய்தது. தென்னைக்கு வேர் மூலம் செலுத்தும்படி சொல்லப்பட்டுவந்த மோனோகுரோட்டோபாஸ் 36 சதவீதக் கரைசலையும் மத்திய சர்க்கார் 2023-ல் தடைப் பட்டியலில் சேர்த்தது. பழைய பிரசுரம் குறியின்றிக் கிடந்தால், அதைப் படிப்பவர் நல்ல எண்ணத்துடனேயே தடுக்கப்பட்ட விஷத்தைத் தேடிச் செல்வார். இது மூன்றாம் வகையினும் கடுமையானது. முகப்பிலேயே ‘உபயோகிக்கலாகாது’ என்று எழுதவேண்டும்.

மண்வள அட்டையோ முதல் வகை. 2015-ல் தொடங்கிய இத்திட்டத்தில் மண்ணின் 12 குணங்கள் குறிக்கப்படுகின்றன. உரமிடுவதற்குக் கடைசி அட்டையையே பார்க்கவேண்டும். ஆனால் பழைய அட்டையை எறிந்துவிடலாகாது. இரண்டையும் ஒப்பிட்டால்தான் அங்கக் கரிமம் ஏறிற்றா இறங்கிற்றா, களரின் தன்மை கூடிற்றா குறைந்ததா என்பது தெரியும்.

கிராம அதிகாரிகள் கவனிக்கவேண்டியவை

கைவசமுள்ள பழைய பதிவேடு ஒவ்வொன்றின் அட்டையிலும் மூன்று விவரங்கள் வேண்டும்: எந்த வருஷம் முதல் எந்த வருஷம் வரை நடப்பிலிருந்தது, இதற்குப் பதிலாக வந்த ஏடு எது, எந்தத் திட்டத்தின் அல்லது உத்தரவின் பேரில் மாறிற்று. பழைய எண்ணுக்கும் புதிய எண்ணுக்கும் உள்ள ஒப்பீட்டுப் பதிவேட்டை மற்றெல்லா ஏடுகளையும்விடப் பத்திரமாகக் காக்கவேண்டும். அது கிழிந்தால் இரு கணக்குகளுக்கும் நடுவிலுள்ள பாலம் இடிந்ததற்குச் சமானம். ஒரு பதிவைத் திருத்த நேரும்போது பழைய எழுத்தைச் சுரண்டி அழிக்காமல், படிக்கத்தக்கபடி ஒரே கோட்டால் அடித்து, உத்தரவின் எண்ணும் தேதியும் பக்கத்தில் எழுதவேண்டும். ஜமாபந்தி சமயத்தில், அவ்வருஷம் உட்பிரிவான நிலங்களின் பழைய பட்டா எண்களும் புதிய பட்டா எண்களும் பொருந்துகின்றனவா என்று ஒருமுறை சரிபார்ப்பது நன்று. பழைய ஏட்டிலிருந்து நகல் கொடுக்கும்போது, ‘பழம் பதிவேட்டின் நகல், நடப்பு நிலையைக் காட்டுவதன்று’ என்ற வாசகம் இல்லாமல் கொடுக்கலாகாது.

நிலமுடையோர் செய்யவேண்டியவை

வீட்டிலுள்ள பத்திரங்களைக் கால வரிசையில் அடுக்கி, ஒவ்வொரு வயலுக்கும் ஒரு தனித் தாளில் பழைய எண், புதிய எண், ஏக்கர் அளவு, ஹெக்டேர் அளவு, பட்டா எண் ஆகியவற்றை எழுதிவைக்கவேண்டும். ஒரு ஏக்கர் என்பது 40.47 ஏர், இந்தக் கணக்கைக் கொண்டு இரண்டு ஏடுகளின் விஸ்தீரணமும் ஒத்திருக்கிறதா என்று பார்க்கவேண்டும். ஒவ்வாவிடில் தாமதிக்காமல் தாலுகா அலுவலகத்தில் விசாரித்து, பழைய பதிவேட்டின் சான்றிட்ட நகலைப் பெற்று, திருத்தத்துக்கு மனுச் செய்யவேண்டும். பட்டா வருவாய்க் கணக்கேயாதலால், உரிமையைப் பற்றிய தகராறு சிவில் கோர்ட்டில் தீரவேண்டியது என்பதையும் மறக்கலாகாது. நிலம் வாங்குபவர் வில்லங்கச் சான்றைப் பழைய எண்ணுக்கும் புதிய எண்ணுக்கும் சேர்த்தே கேட்கவேண்டும். வலைத்தளத்திலிருந்து எடுத்த நகலில் எடுத்த தேதியைக் குறித்துவைக்கவேண்டும். சென்ற வருஷம் எடுத்த நகல் இவ்வருஷம் பழம் பதிப்பாகியிருக்கலாம்.

விதைநெல்லையும் உணவுநெல்லையும் ஒரே குதிரில் கொட்டிவைக்கும் குடியானவர் இல்லை. பழைய விதை என்பதற்காகக் குறியிடாமல் எறிபவரும் இல்லை. கணக்குகளிடத்திலும் அவ்வளவு கவனம் போதும். எது நடப்பு, எது காலங்கடந்தது, எது மாற்றப்பட்டது, எது ரத்தானது என்ற நான்கு வார்த்தைகளை அந்தந்த ஏட்டின் தலையில் எழுதிவைக்கும் கிராமத்தில், வரப்புத் தகராறுகளுள் பல கோர்ட்டு வாசலை மிதிக்காமலே தீரும். இவ்வருஷத்து ஜமாபந்திக்கு முன்பாகவே ஒவ்வொரு கிராமத்திலும் இவ்வேலையைத் தொடங்குவது உசிதம்.